வீட்டு எடை மிஷின்: கடலோர வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

மீன் கம்பெனித் தராசு, பலசரக்குக் கடைத் தராசு, நகைக்கடைத் தராசு இவற்றைப் பழுது பார்ப்பது என் தொழில். ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிப் பக்கம் சின்னக் கடை. சில வருடங்களாக இன்னொரு சாமானும் துணிப்பைக்குள் வந்து இறங்குகிறது: வீட்டில் ஏறி நின்று எடை பார்க்கும் கண்ணாடி மிஷின். கொண்டுவருபவர்கள் சர்க்கரைக்காக எடையைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், பிள்ளை பெற்ற பெண்கள், ஜிம்முக்குப் போகும் பையன்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, இது தப்பாக் காட்டுது." பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பழுதும் இருக்காது. தரையிலோ, ஏறிய நேரத்திலோ, உடுத்தியிருந்த துணியிலோதான் கோளாறு இருக்கும். தினமும் வாயால் சொல்லும் பதில்களை ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரே காலையில் மூன்று தடவை ஏறினேன், மூன்று எடை காட்டுகிறது. மிஷின் போய்விட்டதா?

முதலில் மிஷினைத் திருப்பிப் போட்டு அடியில் பாருங்கள். நான்கு மூலையிலும் நான்கு கால்கள். ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. நீங்கள் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பித் தடத்தின் மின்தடை அந்த வளைவுக்கு ஏற்றபடி மாறுகிறது. நான்கு கால்களின் மாற்றத்தையும் சேர்த்துத்தான் எண் வருகிறது. தொழிலில் இதற்கு லோடு செல் என்று பெயர். பக்கத்து ஊரான மண்டபத்தில் இருக்கும் மீன் தராசிலும் இதே சங்கதிதான், அங்கே பெரியதாக ஒன்று இருக்கும், அவ்வளவுதான்.

ஆக, நான்கு காலும் தரையில் முழுதாகப் பதிந்திருந்தால்தான் கணக்கு சரி. ஒரு கால் டைல்ஸ் இணைப்புப் பள்ளத்தில் விழுந்திருந்தால் அந்த மூலையின் பங்கு குறையும். தரையில் நான்கு மணல் துகள் கிடந்தாலும் போதும். நம் ஊரில் இதுதான் முதல் காரணம். ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் வீடுகளில் எத்தனை தடவை கூட்டினாலும் மணல் வந்துகொண்டேதான் இருக்கும். ஏறுவதற்கு முன் காலடி ரப்பரையும் தரையையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு மிஷினின் எதிரெதிர் மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் ஒரு சாண் நகர்த்தி வையுங்கள்.

பாய் மேல், மிதியடி மேல் வைக்கலாமா?

கூடாது. மெத்தென்ற இடத்தில் கால்கள் அமுங்கி மிஷினின் அடிவயிறு தரையில் உட்கார்ந்துவிடும். கால்கள் தாங்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கை வயிறு தாங்கிக்கொள்ளும். கிலோக்கணக்கில் வித்தியாசம் வரும். பிளாஸ்டிக் பாய், மடித்த சாக்கு, முற்றத்து மணல் எல்லாம் ஒரே ரகம்தான். சிமெண்ட் தரை, ரெட் ஆக்சைடு தரை, கடப்பாக்கல், பெரிய டைல்ஸ் நல்லது. பழைய ஓட்டு வீட்டில் தரை எங்குமே மட்டமில்லை என்றால், தடித்த பலகை ஒன்றை ஆடாமல் பதித்து அதன் மேல் வையுங்கள். வெனீர் பலகை வேண்டாம், நடுவில் வளையும்.

பீரோவுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்து ஏறினால் முதல் எடை மட்டும் ஏறுக்கு மாறாக இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். கடைசியாக வைத்திருந்த இடத்தில் தன் வெறும் பாரம் எவ்வளவு என்பதைப் பூஜ்யமாக மிஷின் மனதில் வைத்திருக்கிறது. தூக்கி, சாய்த்து, நகர்த்தும்போது அந்தப் பூஜ்யம் விலகிவிடுகிறது. அதனால் தரையில் வைத்ததும் பெருவிரலால் ஒரு தட்டு தட்டுங்கள். 0.0 வரட்டும், தானே அணையட்டும். அதற்குப் பிறகு ஏறுங்கள். "நேராக ஏறலாம்" என்று அட்டையில் போட்டிருக்கும் மிஷினுக்கும், இடம் மாற்றிய பிறகு இந்த ஒரு தட்டு தேவை.

அதைவிட நல்லது, நகர்த்தாமலேயே இருப்பது. கதவு இடிக்காத ஒரு மூலையைப் பார்த்து அங்கேயே விட்டுவிடுங்கள். என் வீட்டில் அது சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. தினமும் காலையில் பயபக்தியோடு ஏறி நிற்பது போலத்தான் இருக்கும்.

அப்படியென்றால் எத்தனை தடவை ஏறினாலும் ஒரே எண்ணைக் காட்டுவது நல்ல மிஷின்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். பல மலிவு மிஷின்களில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. இப்போது வந்த எடை சற்று முன் வந்த எடைக்கு மிக நெருக்கமாக இருந்தால், புதிய எண்ணை விட்டுவிட்டுப் பழைய எண்ணையே காட்டும். பார்ப்பவருக்கு "அடடா, என்ன துல்லியம்" என்று தோன்றும். உண்மையில் அது அளந்ததைச் சொல்லவில்லை, முன்பு சொன்னதையே திருப்பிச் சொல்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. ஏறி எண்ணைப் பாருங்கள், இறங்குங்கள். கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, அதாவது ஏறக்குறைய 200 கிராமோடு, மறுபடி ஏறுங்கள். எண் அசையவில்லையா? அடுத்து அரை லிட்டர் பாட்டிலோடு ஏறுங்கள். அப்போது ஒரேயடியாகத் தாவினால் உங்கள் மிஷினுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. தூக்கிப் போட வேண்டாம். ஐந்து லிட்டர் கேனோடு ஒரு தடவை ஏறி இறங்கினால் பழைய எண் மறந்துவிடும், அடுத்துக் காட்டுவது புதிதாக அளந்த எடையாக இருக்கும். தினமும் இதைச் செய்யத் தேவையில்லை. சந்தேகம் வரும் அன்று மட்டும் போதும்.

வீட்டிலேயே மிஷினைச் சரிபார்க்க முடியுமா?

முடியும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. கடையில் வாங்கிய, மூடி திறக்காத ஒரு லிட்டர் பாட்டில்கள் பத்தை ஒரு பையில் போடுங்கள். முதலில் தனியாக ஏறுங்கள், பிறகு பையோடு ஏறுங்கள். வித்தியாசம் பத்தேகால் கிலோவுக்குச் சற்று மேல் வர வேண்டும்: தண்ணீர் 10 கிலோ, மீதி காலி பாட்டில்களும் பையும். பத்து பாட்டிலுக்குப் பதிலாக 20 லிட்டர் கேன் வைத்தும் பார்க்கலாம், ஆனால் காலி கேனின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். போடுகிறவர் கழுத்து வரை நிரப்பினாரா என்பதையும் கவனியுங்கள்.

கடல் தண்ணீரை அள்ளி வந்து அளந்து பார்த்துவிட்டு "அரை கிலோ கூடக் காட்டுது" என்று ஒரு தம்பி வந்தார். உப்புத் தண்ணீர் கனம் அதிகம் தம்பி, லிட்டருக்கு 25 கிராம் கூடுதல். 20 லிட்டருக்கு அரை கிலோ. மிஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது! போர் தண்ணீர் கொஞ்சம் கரிப்பாக இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அந்த வித்தியாசம் இந்த மிஷினுக்குத் தெரியாது.

கேஸ் சிலிண்டரும் நல்ல படிக்கல். வீட்டுச் சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. காலி எடை சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டினால் முழு எடை, கிட்டத்தட்ட 30 கிலோ வரும். இரும்பு வளையத்தைக் கண்ணாடி மேல் நேராக வைக்காதீர்கள், கீறும், உடையவும் கூடும். ஒரு பலகையைப் போட்டு, அதன் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். தூக்க ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள். மிஷினைச் சோதிக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

அரிசிப் பையை வைத்துப் பார்ப்பவர்கள் பையில் 25 போட்டிருக்கிறதா, 26 போட்டிருக்கிறதா என்று படித்துவிடுங்கள். 2022இல் 25 கிலோ வரையிலான பைகளுக்கு வரி வந்த பிறகு 26 கிலோ பை நிறைய ஓடுகிறது.

சோதனையில் 20 கிலோவுக்கு 100, 200 கிராம் முன்னே பின்னே வந்தால் வீட்டு மிஷினுக்கு அது போதும். அதற்கு மேல் போனால் தரையை மாற்றி இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால்தான் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

என் மிஷினில் 50 கிராம் வரை காட்டுகிறது, தம்பியினுடையது 100 கிராம்தான். என்னுடையதுதானே துல்லியம்?

எத்தனை தசம இடம் காட்டுகிறது என்பது ஒன்று, காட்டுவது உண்மையா என்பது வேறு. பதிலை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எந்த நேரத்தில் ஏற வேண்டும்?

காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, காபி குடிக்கும் முன். உடம்பில் துணி கம்மியாக. இரவு முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் தண்ணீர் போயிருக்கும், வயிறும் காலி. நாளில் இந்த ஒரு நேரம்தான் தினமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அமைகிறது. சாயங்காலம் ஏறினால் காலையைவிட ஒன்று, ஒன்றரை கிலோ கூடுவது சாதாரணம். மத்தியானச் சோறும் தண்ணீரும் எங்கே போகும்?

துணி விஷயத்தில் ஆண்கள் தப்பித்துவிடுகிறார்கள், ஒரு கைலிதான். பெண்களுக்குச் சேலை, பாவாடை, ஜாக்கெட் எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோ தாண்டும். இரவு நைட்டி என்றால் தினமும் நைட்டி, அவ்வளவுதான். கடலில் பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு வந்து ஏறி நின்று, "ரெண்டு கிலோ ஏறிட்டேன்" என்று அழாத குறையாக ஒரு அக்கா போன் செய்தார். சேலையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு மறுநாள் காலையில் ஏறச் சொன்னேன்.

ஏறும்போது பாதங்களை நடுவில் சமமாக வைத்து நேராக நில்லுங்கள். எண்ணைப் பார்க்கக் குனியாதீர்கள், எண் ஓடாமல் நின்ற பிறகு பாருங்கள். சுவரில் கை வைத்தால் அந்த அளவு எடை சுவருக்குப் போய்விடும். தள்ளாடும் பெரியவர்களுக்குப் பிடிமானம் இல்லாமல் தனியாக நிற்பது தோது வராது. அப்பத்தாவை ஏற்றும்போது பக்கத்தில் ஒருவர் தொடாமல், ஆனால் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். ஈரக் காலோடு கண்ணாடியில் ஏறவே கூடாது. ஓரத்தில் மிதித்தால் மிஷின் ஒரு பக்கம் எகிறும்.

நேற்றைக்கு இன்றைக்கு ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. இரவு கருவாட்டுக் குழம்புதான் சாப்பிட்டேன்.

விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்புத் தண்ணீரும் ஏறக்குறைய அந்த உப்பளவில்தான் இருக்கிறது. கூடுதலாக உப்பு உள்ளே போனால் தாகம் எடுத்துத் தண்ணீர் குடிப்பீர்கள். அந்த உப்பு வெளியேறும் வரை தண்ணீரும் கூடவே தங்கும். 9 கிராம் உப்பு உள்ளே தங்கினால் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் விழும் ஊரில் அந்த அளவு ஒரு வேளையிலேயே தாண்டிவிடும்.

இது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி தேவைக்கு மேல் போயிருக்க வேண்டும். நூறு இட்லிக்கு மேல் கூடுதலாகத் தின்றிருந்தால்தான் உண்டு. இரண்டு மூன்று நாளில் அந்த எடை வந்த வழியே போய்விடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் பல பெண்களுக்கு இதே மாதிரி ஏறி இறங்கும். சோற்றைத் திடீரென்று குறைப்பவர்களுக்கு முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீர்தான், அதையும் நம்பிக் குதிக்க வேண்டாம்.

அதனால் ஒரு நாள் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தினமும் எழுதுங்கள், ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுங்கள். இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு வைத்துப் பாருங்கள். நாள்காட்டித் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினால் போதும். தினமும் பார்த்தால் மனம் நோகும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாரம் ஒரு நாள், அதே கிழமையில் ஏறட்டும்.

கடலுக்குப் போய் வந்த அன்று எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. அதைக் கணக்கில் எடுக்கலாமா?

வேண்டாம். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் வடிந்த வியர்வை அது. தண்ணீர் குடித்து, ஓர் இரவு தூங்கி எழுந்து பாருங்கள், பாதிக்கு மேல் திரும்பி வந்திருக்கும். விசைப்படகுக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பலருக்கு எடை கூடுகிறது. வேலை இல்லை, சாப்பாடு மட்டும் அதே அளவு. அது தண்ணீர் எடை கிடையாது, மெல்ல ஏறும் நிஜ எடை. வாரச் சராசரி எழுதுபவர்களுக்கு மே மாத நடுவிலேயே தெரிந்துவிடும்.

நோன்பு மாதத்தில் எப்போது பார்ப்பது?

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒவ்வொரு வருடமும் கேட்பார். நோன்பு திறக்கும் முன் ஏறினால் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாத உடம்பு, எடை குறைவாக வரும். கஞ்சியும் சர்பத்தும் குடித்த பின் ஏறினால் அரை மணி நேரத்தில் ஒரு கிலோ கூடியிருக்கும். சஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு எழுந்ததும், சாப்பிடும் முன் ஏறுவது எனக்குத் தோதாகப் படுகிறது, பழைய காலைப் பழக்கத்துக்கு அதுதான் நெருக்கம். ஆனாலும் இராத்திரிச் சாப்பாடு முழுதாகச் செரித்திருக்காது. ஆகவே நோன்பு மாத எண்களை நோன்பு மாத எண்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். பெருநாள் கழிந்து ஒரு வாரம் விட்டு மறுபடி பழைய நேரத்துக்குத் திரும்பலாம்.

ஆஸ்பத்திரியில் 71 காட்டியது, வீட்டில் 69.4. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போனது சாப்பிட்டு, பஸ் ஏறி, செருப்போடும் பேன்ட் பையில் போன், சாவியோடும். வீட்டில் ஏறியது வெறும் வயிற்றில். டாக்டரிடம் போகிற அன்று, கிளம்பும் முன் அதே உடையில் வீட்டிலும் ஒரு தடவை ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள நிஜ வித்தியாசம் அப்போதுதான் தெரியும். அது அரை கிலோ என்றால் அரை கிலோ என்று குறித்துக்கொள்ளுங்கள், எப்போதும் அவ்வளவு என்றே வரும்.

கைக்குழந்தையை எப்படி எடை பார்ப்பது?

நீங்கள் தனியாக, பிறகு குழந்தையோடு, இரண்டையும் கழித்தால் குழந்தையின் எடை. குழந்தையை மட்டும் மிஷினில் படுக்க வைக்காதீர்கள். சில கிலோவுக்குக் கீழே பல மிஷின்கள் விழிப்பதே இல்லை, உருண்டு விழும் பயம் வேறு.

ஆனால் பிறந்த சில மாதங்களுக்கு இந்த வழியை நம்பாதீர்கள். ஆரம்ப மாதங்களில் குழந்தை நாளுக்கு 25, 30 கிராம்தான் ஏறும். 100 கிராம் படியில் காட்டும் மிஷினில், அதுவும் இரண்டு தடவை அளந்து கழித்தால், அது எங்கே தெரியும்? "பால் பத்தலை போல" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார்கள், தாய் கலங்கிப்போவாள். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவதும், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்புவதும் இயல்பு. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குழந்தைக்கென்றே தனித் தராசு இருக்கிறது. அதில் பாருங்கள். ஒரு வயதுக்கு மேல் கழித்தல் கணக்கு போதும்.

இருதயக் கோளாறு, டயாலிசிஸ் உள்ளவர்களுக்கு இது உதவுமா?

உதவும், இவர்களுக்குத்தான் இந்த மிஷின் மற்ற எல்லோரையும்விட அவசியம். நான் மேலே "தண்ணீர் எடைதானே, விடுங்கள்" என்று சொன்னது இவர்களுக்குப் பொருந்தாது. இருதயம் பலவீனமானவர்களுக்குக் கால் வீங்கும் முன்பே எடை ஏறிவிடும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் சொல்லச் சொல்லிப் பொதுவாக டாக்டர்கள் கேட்பார்கள். உங்களுக்கான அளவை உங்கள் டாக்டரிடமே கேட்டு எழுதி வையுங்கள். டயாலிசிஸ்காரர்களுக்கு டிரை வெயிட் என்று, அதாவது கூடுதல் தண்ணீர் போன பிறகு இருக்க வேண்டிய எடை என்று, ஓர் எடை குறித்துக் கொடுத்திருப்பார்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பது எடையில்தான் தெரியும். வீட்டில் மிஷினை மாற்றினால் சில நாள் பழையதிலும் புதியதிலும் சேர்த்து ஏறி, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பிறகு மாறுங்கள்.

கொழுப்பு சதவீதம் காட்டும் மிஷின் வாங்கலாமா?

அதில் கால் வைக்கும் இடத்தில் உலோகப் பட்டைகள் இருக்கும். ஒரு பாதம் வழியாகத் துளியளவு மின்சாரத்தை விட்டு, மறு பாதத்தில் பிடித்து, வழியில் எவ்வளவு தடை என்று பார்க்கும். தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் கம்மி. அந்தத் தடையையும் நீங்கள் கொடுத்த வயது, உயரத்தையும் வைத்து அது ஒரு மதிப்பீடு சொல்கிறது. தண்ணீர் குறைந்தால் எண் மாறும். கடலில் குளித்துவிட்டு உப்புக் காலோடு ஏறினால் மாறும். பாதம் வெடித்துக் காய்ந்திருந்தால் சில சமயம் எண்ணே வராது. எனவே மாதத்துக்கு மாதம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம், "எனக்கு 27.3 சதவீதம்" என்று சத்தியம் பண்ண முடியாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வகை மிஷினில் ஏறக் கூடாது. கர்ப்பிணிகளும் அந்த வசதியை அணைத்துவிட்டு எடை மட்டும் பார்க்கட்டும்.

உள்ளூர்க்காரன் வாங்கும் மிஷின் மட்டும் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

உப்புக்காற்று. வேறு என்ன? காற்றில் வரும் உப்புத் தூள் உலோகத்தில் படிந்து, ஈரத்தை இழுத்து, துருப்பிடிக்க வைக்கும். மிஷினுக்குள் முதலில் போவது பேட்டரி பெட்டியின் ஸ்பிரிங். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். பேட்டரி புதிதாகவே இருந்தாலும் மின்சாரம் ஒழுங்காகப் போகாது, எடை தடுமாறும். பட்டன் செல் மிஷினில் பள்ளிக்கூட ரப்பரால் அந்த இடத்தைத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பென்சில் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சு, பிறகு ஸ்பிரிட், பிறகு நன்றாகக் காயவிடுதல். தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு, அவர்களுக்குப் புது மிஷின்தான்.

பாத்ரூமில் வைக்காதீர்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம். என்னுடைய முதல் மிஷினை மொட்டை மாடி அறையில் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று வைத்தேன். ஒரே வருடத்தில் திருகாணி கழற்ற வராத அளவு துரு. தராசு மெக்கானிக் வீட்டில் இந்தக் கதி.

ஊருக்குப் போவதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கழற்றிய பட்டன் செல்லைக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

எண்ணுக்குப் பதில் எழுத்து காட்டுகிறது.

எல், ஓ என்று வந்தால் பேட்டரி தீர்ந்தது. சிஆர் 2032 எண் போட்ட செல் பல மிஷினுக்குப் பொருந்தும், பழையதைக் கையில் எடுத்துப் போய் அதே எண்ணில் வாங்குங்கள். ஈ, ஆர், ஆர் என்று வந்தால் பாரம் மீறியிருக்கும், அல்லது நிற்கும்போது ஆடியிருப்பீர்கள். திடீரென்று 70 கிலோ ஆள் 154 ஆகிவிட்டால் பதற வேண்டாம், அடியில் இருக்கும் பட்டன் அழுங்கி அலகு பவுண்டுக்கு மாறியிருக்கிறது. இன்னொரு தடவை அழுத்துங்கள்.

நம் தெற்குக் கடலில் புவியீர்ப்பு குறைவு என்று படித்தேன். அதனால் இங்கே எடை குறைத்துக் காட்டுமா?

கேட்டவர் கல்லூரிப் பையன். நல்ல கேள்வி. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்புப் பள்ளம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. ஈர்ப்பைக் கணக்கிட்டு வரையும் கடல்மட்டம் அங்கே 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது, உலகத்திலேயே ஆழமானது அது. ஆனால் அதனால் உங்கள் எடையில் வரும் வித்தியாசம் சில கிராம். உங்கள் மிஷின் கண்ணில் படாது.

அட்சரேகை வித்தியாசம் அதைவிடப் பெரிது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறையும். டெல்லியில் சரியாக 60 கிலோ காட்டும் மிஷின் இங்கே ஏறக்குறைய 60 கிராம் குறைத்துக் காட்டும். நகைக்கடைத் தராசில் இது பெரிய விஷயம், வைத்த ஊரிலேயே படிக்கல் போட்டுச் சரிசெய்கிறோம். வீட்டு மிஷினில் ஒரு மடக்குத் தண்ணீர்.

இந்த மிஷினில் மீன், கருவாடு நிறுத்து விற்கலாமா?

கூடாது. வியாபாரத் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும், எலக்ட்ரானிக் தராசுக்கு அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வீட்டு மிஷினுக்கு அந்த முத்திரை கிடைக்காது. சட்டத்தை விட்டுத் தள்ளினாலும், அரை கிலோ நெத்திலிக் கருவாட்டை வைத்தால் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆளோடு சேர்த்து நிறுத்துக் கழிக்கலாமே என்று ஒரு அக்கா கேட்டார். கழிக்கலாம் அக்கா, 100 கிராம் உங்களுக்கு நட்டமா வாங்குகிறவருக்கு நட்டமா என்று அன்றைக்கு அன்றைக்கு மிஷின்தான் முடிவு பண்ணும்.